‘பல்வலிதானே!’ என்னும் அலட்சியம்



2021 ஆம் ஆண்டின் நடுவில் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலை தணிந்து வந்தது. அத்தருணத்தில் நம் சமுதாயம் தான் ஆற்றிய பணிகளை எண்ணிப் பார்த்தது. எண்ணிப் பார்க்கத் தகுந்தவையே அவை. உற்றார் உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சமயம் பாராமல் சுமந்து சென்று அடக்கம் செய்த இளைஞர்கள் நம் முஹல்லாக்களில் இருந்தே புறப்பட்டார்கள். ஆக்ஸிஜன் உருளைகளுக்காக இரவெல்லாம் அலைந்தவர்களும், கபசுரக் குடிநீர் காய்ச்சித் தெருத்தெருவாகக் கொடுத்தவர்களும், தனிமையில் கிடந்த குடும்பங்களின் வாசலில் மூன்று வேளை உணவைச் சத்தமின்றி வைத்துவிட்டுத் திரும்பியவர்களும் நம்மிடையே உண்டு. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

எனினும் அதே பதினாறு மாதங்களில் நம் வீடுகளுக்குள்ளேயே ஒரு வேதனை கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்கென எவரும் வாட்ஸ்அப் குழு தொடங்கவில்லை. எந்த ஜும்ஆ மேடையிலும் அதைப் பற்றி ஒரு சொல் ஒலிக்கவில்லை. கன்னம் வீங்கிய நிலையில் இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தவரிடம் நாம் சொன்னதெல்லாம் ஒரே வார்த்தைதான்: “பல்வலிதானே!”

அந்த ஒரு வார்த்தையை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

பல்வலியைச் சிறு நோவு என்று கருதுவோர் அந்த வலி எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறிந்திருக்கவில்லை. பல்லின் மேற்புறம் கடினமானது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான கூழ் உள்ளது. சொத்தை அக்கூழை எட்டியதும் அங்கே அழற்சி உண்டாகி வீக்கம் ஏற்படுகின்றது. கையிலோ காலிலோ வீக்கம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கும். பல்லோ இம்மியளவும் விரிவதில்லை. ஆகவே அந்த வீக்கத்தின் அழுத்தம் முழுவதும் நரம்பின் மீதே இறங்குகின்றது. படுத்தால் தலைப் பக்கம் இரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடுவதால் வலி பன்மடங்காகின்றது. இரவில் பல்வலி கொடுமையாவதற்குக் காரணம் இதுவேயன்றி, சிலர் கூறுவது போல மனப்பிரமை அன்று. பிறகு அந்தக் கூழ் அழுகி, கிருமி வேரின் நுனி வழியாகத் தாடை எலும்பில் இறங்கிச் சீழ் கட்டுகின்றது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லின் சீழ் நாவின் அடித்தளத்தில் பரவினால், நாக்கு மேலெழும்பி மூச்சுப் பாதையையே அடைத்துவிடக் கூடும். ஒரு சொத்தைப் பல் ஒரு மனிதரைச் சில நாள்களில் அடக்கத்தலம் வரை கொண்டு சேர்க்க வல்லது என்பது மருத்துவ நூல்கள் ஒப்புக்கொண்ட உண்மை.

முஃமின்கள் அனைவரும் ஓருடலைப் போன்றவர்கள், ஓர் உறுப்பு நோயுற்றால் மற்ற உறுப்புகளும் உறக்கமின்மையாலும் காய்ச்சலாலும் அதனுடன் பங்கு கொள்கின்றன என்று நபி (ஸல்) அவர்கள் உவமை கூறியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. எத்தனையோ மேடைகளில் இந்த ஹதீஸை நாம் எடுத்துரைத்திருக்கின்றோம். ஓர் உறுப்பின் நோய் உடல் முழுவதையும் உறங்கவிடாது என்னும் அந்த உவமையின் நேர்ப்பொருளைக் காண விரும்புவோர் கடைவாயில் சீழ் கட்டிய ஒருவரின் அருகே ஓர் இரவு அமர்ந்தாலே போதும்.

பெருந்தொற்று இந்த வேதனையை எவ்வாறு பெருக்கியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. பல் மருத்துவரின் பணி நோயாளியின் திறந்த வாய்க்கு ஒரு முழ தூரத்துக்குள் நடப்பது. அவர் பயன்படுத்தும் சுழல் கருவி நீரையும் எச்சிலையும் நுண்துளிகளாகக் காற்றில் சிதறடிக்கும். நோய் பரவும் வழியும் அதுவே. ஆகவே உலகெங்கும் பல் மருத்துவமனைகள் கதவடைத்தன. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் மார்ச் 16 அன்றே அவசரமற்ற சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. இங்கிலாந்தில் மார்ச் 25 முதல் ஜூன் 8 வரை வழக்கமான பல் சிகிச்சையே இல்லை. அவசர நோயாளிகளுக்கு மட்டும் தனி மையங்கள் அமைத்தார்கள். நம் நாட்டின் நலவாழ்வு அமைச்சகம் மே 19 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் பல் மருத்துவமனைகள் மூடியிருக்க வேண்டும் என்றும், சிவப்பு மண்டலங்களில் அவசர சிகிச்சை மட்டும் செய்யலாம் என்றும் கூறப்பட்டது.

இந்த ஏற்பாட்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருப்பவர் வெளியேறாதீர்கள் என்னும் நபிவழிகாட்டுதலை அறிந்த சமுதாயம் நாம். ஷாம் தேசத்தின் எல்லையில் ஸர்ஃ என்னும் இடம் வரை சென்ற உமர் (ரலி) அவர்கள், கொள்ளை நோய்ச் செய்தி கேட்டுத் தம் தோழர்களுடன் திரும்பிய வரலாற்றைச் சிறுவர்களுக்கும் போதிக்கின்றோம். பல் சுத்தம் செய்வதையும், பல்வரிசையைச் சீராக்குவதையும், செயற்கைப் பல் பொருத்துவதையும் ஆறு மாதம் தள்ளிவைத்ததில் பிழையில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 ஆகஸ்டில் அதையே பரிந்துரைத்தது. ஆனால் அதே நிறுவனம், அவசர சிகிச்சை தடைபடக் கூடாது என்றும் கூறியிருந்தது. இங்கிலாந்து அவசரத்துக்குத் தனி மையம் வைத்தது. நம் அரசின் வழிகாட்டுதலும் அவசரத்துக்கு இடம் விட்டது. நாமோ அவசரத்தையும் அவசரமற்றதையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டோம். ‘எல்லாம் திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே வீட்டுக்கு வீடு சொல்லப்பட்ட தீர்ப்பு. பல்லுக்குள் அழுகுவது ஊரடங்கை மதித்துக் காத்திருக்குமா?

நம் மக்கள் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்ததை மறைக்கலாகாது. 2020 ஏப்ரலில் தில்லி நிஜாமுத்தீன் செய்திகளைத் தொடர்ந்து இந்தச் சமுதாயத்தின் மீது வீசப்பட்ட பழிச்சொற்களை நாம் மறக்கவில்லை. தொப்பியும் தாடியுமாக ஒருவர், புர்காவோடு ஒரு பெண், மருத்துவமனை வாசலில் நின்றால் எந்தப் பார்வையைச் சந்திக்க நேருமோ என்னும் அச்சம் பலரை வீட்டுக்குள் முடக்கியது. பல்வலி என்று சென்றால் காய்ச்சல் பார்ப்பார்கள். காய்ச்சல் இருந்தால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள். தெரு முழுவதும் நம்மைப் பேசும். பல் சீழுக்கும் காய்ச்சல் உண்டு என்பதை யாரிடம் விளக்குவது? பழி சுமத்தியவர்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். ஆனால் அச்சத்தால் முடங்கியவருக்குத் துணையாகச் சென்றிருக்க வேண்டிய நாம் என்ன செய்தோம் என்று நம்மிடமும் கேட்கப்படுமே!

துணைக்குச் செல்லாத நாம் யோசனைகளை மட்டும் தாராளமாக வழங்கினோம். மருந்துக்கடைகள் திறந்திருந்தன. வலி மாத்திரையைப் பட்டை பட்டையாக வாங்கி, வெறும் வயிற்றில் விழுங்கி, வயிற்றுப்புண்ணை விலைக்கு வாங்கியோர் எத்தனை பேர்! நீண்ட நாள் தொடர்ந்து உட்கொள்ளும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அடுத்து, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த ஆண்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் போட்டு வலி குறைந்ததும் நிறுத்துவது. பல்லின் கூழ் அழுகிவிட்டால் இரத்த ஓட்டம் அங்கே நின்றுபோகும். இரத்தத்தில் கலந்து செல்லும் மருந்து பல்லின் உள்ளே எவ்வழியாகச் சென்று சேரும்? பல்லைத் திறந்து அழுகலை அகற்ற வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும்; சீழ் இருந்தால் வடிக்க வேண்டும். மாத்திரை இவற்றுக்குத் துணை நிற்குமேயன்றி ஈடாகாது. வலி நின்றதைக் குணமென்று எண்ணினோர் பலர். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கத்தான் செய்யும்.

கைவைத்தியத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. கிராம்பைக் கடித்துக் கொள்வதும், உப்பிட்ட வெந்நீரால் வாய் கொப்பளிப்பதும் சற்று ஆறுதல் தரும், குற்றமில்லை. ஆனால் புகையிலையை ஈறில் அதக்கி வைத்தவர்களையும், வலிக்கும் இடத்தில் மாத்திரையைப் பொடித்து வைத்து ஈறைப் புண்ணாக்கிக் கொண்டவர்களையும், வீங்கிய கன்னத்தில் சுடச்சுட ஒத்தடம் கொடுத்து வீக்கத்தைக் கழுத்து வரை இறக்கியவர்களையும் அக்காலத்தில் கேள்விப்பட்டோம். இவற்றுள் சிலவற்றுக்கு ‘நபிவழி மருத்துவம்’ என்று பெயர் சூட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களைப் பார்த்துத்தான் நம் மனம் கொதிக்கின்றது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரால் சொல்வது எத்தகைய குற்றம் என்பதை அறியாதவர்களா நாம்? ஹதீஸ் எந்த நூலில் உள்ளது, அறிவிப்பாளர் யார் என்று கேட்கத் தெரிந்த நாம், அந்தச் செய்திகளை மட்டும் ஏன் கேள்வியின்றி அடுத்தவருக்கு அனுப்பினோம்?

“ஸப்ர் செய்யுங்கள், நோய் பாவத்துக்குப் பரிகாரம்” என்பது அடுத்த ஆறுதல். நோய் பாவங்களை உதிர்க்கும் என்பது உண்மை. நாம் ஈமான் கொண்டிருப்பதும் அதன் மீதே. ஆனால் பொறுமை என்பது மருந்து தேடிய பிறகும் நீடிக்கும் வேதனையைச் சுமப்பது. மருந்து தேடாமல் கிடப்பதற்குப் பொறுமை என்று பெயரில்லை. நபித்தோழர்கள் மருந்து செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள் என்றே விடை கிடைத்தது. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இன்னொரு செய்தியை இவ்விடத்தில் ஆழ்ந்து எண்ண வேண்டும். பயணத்தில் தலையில் கல் பட்டுக் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அனுமதியில்லை என்றார்கள். அவர் குளித்தார், மரணமடைந்தார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழர்களை மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அவர்களே அவரைக் கொன்றார்கள் என்ற பொருளில் பேசினார்கள். அறியாதபோது கேட்டறிவதே மருந்து என்றார்கள். காயமுற்றவர் மீது ஒரு குறையும் சொல்லப்படவில்லை. அறியாமல் தீர்ப்பளித்தவர்கள் மீதே கண்டனம் இறங்கியது. வீட்டுக் கூடத்தில் அமர்ந்துகொண்டு, ‘பல்வலிதானே, பொறுத்துக்கொள்’ என்று தீர்ப்பளிக்கும் பெரியவர்களும், அவர்களுக்கு ஆமாம் போடும் நம்மைப் போன்ற ஆலிம்களும் இந்த ஹதீஸை மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

2021 மே மாதம் அந்தத் தீர்ப்பின் விலை என்னவென்று நம் முஹல்லாவிலேயே கண்டோம். ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு தாய். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ரமளானின் கடைசிப் பத்தில் கொரோனா தாக்கி, மருத்துவமனையில் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்டு, பெருநாளுக்குப் பிறகு வீடு திரும்பினார். ஒரு வாரத்தில் மேல்தாடைப் பற்கள் இரண்டு ஆடத் தொடங்கின. கன்ன எலும்பில் வலி. அண்ணத்தில் கருத்த ஒரு திட்டு. ‘சூடு, மருந்துச் சூடு’ என்றார்கள் வீட்டார். இளநீர் கொடுத்தார்கள். ‘இத்தனை பெரிய நோயில் இருந்து அல்லாஹ் மீட்டிருக்கின்றான், இரண்டு பல் போனால் போகட்டும் உம்மா’ என்று ஆறுதல் சொன்னார் மகன். நான்காம் நாள் ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மதுரைக்குக் கொண்டு சென்றபோது, மேல்தாடையின் ஒரு பகுதியையும் அந்தக் கண்ணையும் எடுத்த பின்னரே உயிரைக் காக்க முடிந்தது. இன்று அந்தத் தாய் குழாய் வழியாகக் கஞ்சி அருந்துகின்றார். குர்ஆனை ஓதும்போது எழுத்துகள் சரியாக உச்சரிக்க வரவில்லை என்பதே அவருடைய பெருங்கவலை என்று நம் வீட்டுப் பெண்கள் வந்து சொன்னார்கள்.

கறுப்புப் பூஞ்சை என்று நாளிதழ்கள் பெயரிட்ட மியூகோர்மைகோசிஸ் நோய் அது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. ஜூன் 28 அன்று நடுவண் அமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி நாடு முழுவதும் 40,845 பேருக்கு இந்நோய் கண்டிருந்தது. 3,129 பேர் இறந்திருந்தார்கள். நோயுற்றவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் சர்க்கரை நோயாளிகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிகுறிப் பட்டியலில் மூக்கடைப்பு, கன்ன வலி, கண் வீக்கம் ஆகியவற்றோடு பல்வலியும் பல் ஆடுதலும் வெளிப்படையாக இடம்பெற்றிருந்தன. அந்தப் பட்டியல் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. நம் மிம்பர்களில் எத்தனை இடத்தில் வாசிக்கப்பட்டது? பள்ளிகள் மூடியிருந்தன என்பீர்கள். ஒலிபெருக்கி இருந்ததே! ஜனாஸா அறிவிப்புக்குப் பயன்பட்ட அதே ஒலிபெருக்கி.

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பது நெடுநாளாக அறியப்பட்டது. சர்க்கரை கட்டுக்கடங்காதபோது ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். 2021 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கத்தார் நாட்டில் 568 கொரோனா நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளிவந்தது. ஈறு நோய் முற்றியிருந்தவர்களே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், செயற்கைச் சுவாசத்துக்கும், மரணத்துக்கும் அதிகமாக ஆளாகியிருந்தார்கள். ஈறு நோய்தான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு அறுதியிடவில்லை. இரண்டுக்கும் தொடர்பு காணப்பட்டது என்றே கூறியது. நாமும் அதற்கு மேல் கூற மாட்டோம். ஆனால் பிரியாணியும் இனிப்பும் இல்லாத விசேஷத்தை அறியாத, வீட்டுக்கு ஒரு சர்க்கரை நோயாளியைக் கொண்ட நம் சமுதாயத்துக்கு இந்தத் தொடர்பே போதுமான எச்சரிக்கை.

மிஸ்வாக் பற்றி ஒரு சொல். சிரமமாகிவிடும் என்ற தயக்கம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்குவதைக் கடமையாக்கியிருப்பேன் என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். உயிர் பிரியும் தறுவாயிலும் அவர்களின் பார்வை மிஸ்வாக்கின் மீது சென்றது. அன்னை ஆயிஷா (ரலி) அதை மென்று பதமாக்கிக் கொடுத்தார்கள். வாயின் தூய்மையை இந்த அளவுக்கு உயர்த்திய மார்க்கம் வேறு எது? வெங்காயமும் பூண்டும் உண்டவரைப் பள்ளிக்கு வராதீர் என்று தடுத்த மார்க்கம் இது. அந்த மார்க்கத்தின் மக்களாகிய நம்மில் பலருக்குச் சட்டைப் பையில் மிஸ்வாக், வாயில் சீழ்! சுன்னத்தின் அடையாளத்தைப் பையில் வைத்துக்கொண்டு அதன் நோக்கத்தைக் கைவிட்டோம். அத்தர் மணக்கும், வாய் நாறும். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இனி, மார்க்கத்தின் பெயரால் கூறப்படும் சாக்குகள். நம் பணி மார்க்கக் கல்வி என்பதால் இவற்றைச் சற்று நின்று பேசுகின்றோம்.

நோன்பு நேரத்தில் பல் சிகிச்சை கூடாது என்று இரண்டு ரமளான்களாகப் பலர் வேதனையோடு காத்திருந்தார்கள். 1997 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, நோன்பை முறிக்காதவை என்று வகுத்த பட்டியலில் பல்லைத் துளையிடுதல், பிடுங்குதல், சுத்தம் செய்தல் ஆகியவற்றைச் சேர்த்துள்ளது. தொண்டைக்குள் செல்வதை விழுங்காமல் தவிர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. ஊட்டச்சத்தாக ஏற்றப்படாத ஊசியும் அப்படியே. மரத்துப்போவதற்குப் போடும் ஊசி அதில் அடங்கும். அதற்கும் மேலாக, நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் களா செய்யும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கின்றான். சீழோடும் காய்ச்சலோடும் நோன்பைப் பிடித்துக்கொண்டு, ஸஹரில் இரண்டு மாத்திரை, இஃப்தாரில் இரண்டு மாத்திரை என்று பதினைந்து நாள் கடத்தியவரை யாரும் தியாகி என்று புகழ வேண்டாம். அவருக்குச் சலுகையை எடுத்துச் சொல்லாதவர்களைத்தான் விசாரிக்க வேண்டும்.

பல்லை அடைத்தால் கடமையான குளிப்பு நிறைவேறாது என்பது இன்னொன்று. ஹனஃபி மத்ஹபில் குளிப்பின்போது வாய் கொப்பளிப்பது ஃபர்ளு என்பதால் இந்த ஐயம் எழுகின்றது. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத் என்பதால் கடற்கரை ஊர்களில் இந்தப் பேச்சு குறைவு. ஹனஃபி அறிஞர்களே இதற்கு விடை கூறிவிட்டார்கள்: சிரமமின்றிக் கழற்ற இயலாதபடி நிலையாகப் பொருத்தப்பட்டது பல்லின் பகுதியாகவே கருதப்படும், அதன் மேல் தண்ணீர் பட்டால் போதும். ஆண்களுக்குத் தங்கம் ஹராமாயிற்றே என்பவர்களுக்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தி உண்டு. போரில் மூக்கு துண்டிக்கப்பட்டு, வெள்ளியால் செய்து பொருத்திய மூக்கில் துர்நாற்றம் எடுத்தபோது, தங்கத்தால் செய்துகொள்ள அவருக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். தேவைக்காகப் பல்லைத் தங்கத்தால் கட்டலாம் என்று அறிஞர்கள் இதிலிருந்தே சட்டம் எடுத்தார்கள். கொர்தோபாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையையும், பல்லில் படியும் காரையைச் சுரண்டும் கருவிகளையும் படத்தோடு எழுதி வைத்தார். அவரை மேடையில் பெருமையாகப் பேசுகின்றோம். அவர் சொன்ன சிகிச்சைக்குச் செல்ல மட்டும் அஞ்சுகின்றோம்.

எல்லாவற்றிலும் கொடியது பெண்களுக்குச் சொல்லப்படும் சாக்கு. ஆண் மருத்துவர் முகத்தைத் தொடுவாரே, வாயைப் பார்ப்பாரே என்பது. பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் செல்வதே முறை. இன்று பெரும்பாலான நகரங்களில் பெண் பல் மருத்துவர்கள் தாராளமாக இருக்கின்றார்கள். கிடைக்காதபோது, தேவையின் அளவுக்கு, மஹ்ரம் துணையோடு ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறலாம் என்பதில் நம் ஃபிக்ஹு நூல்களில் தயக்கமில்லை. உண்மை என்னவென்றால், அழைத்துச் செல்லும் அலுப்புக்கு நாம் மார்க்கப் போர்வை போர்த்துகின்றோம். வீட்டில் அத்தனை பேரும் அடைந்து கிடந்த ஊரடங்கில், ஐந்து வேளைக்கும் அடுப்படியில் நின்றவர் அவர். ரமளானில் ஸஹருக்கு முதலில் எழுந்தவர் அவர். தம்மால் மெல்ல முடியாத உணவைப் பிறருக்காகச் சமைத்தவரும் அவரே. கர்ப்பிணியாக இருந்தால் ‘பிள்ளை பிறக்கட்டும்’ என்று இன்னும் தள்ளிப்போட்டோம். கர்ப்ப காலத்தின் நடு மாதங்களில் பல் சிகிச்சை செய்துகொள்ளலாம். அவசரமென்றால் எந்த மாதத்திலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யலாம். கருவுற்றவரின் உடலில் சீழை வைத்துக்கொண்டிருப்பதே பெரிய ஆபத்து. கணவர் அபூதபியிலோ ரியாத்திலோ இருக்க, மாமியாரின் அனுமதிக்காகவும் தம்பியின் ஓய்வு நேரத்துக்காகவும் வலியோடு காத்திருக்கும் மருமகள்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்த வளைகுடாச் சகோதரர்களின் நிலையும் இரங்கத்தக்கதே. ஓர் அறையில் எட்டுப் பேர், வேலையிழப்பின் அச்சம், பல் சிகிச்சை அடங்காத காப்பீடு. ஊருக்கு விடுப்பில் வந்து பல்லைக் காட்டிக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு விமானமே இல்லாது போயிற்று. அனுப்பும் பணத்தில் ஒரு திர்ஹம் குறைந்தாலும் வீட்டில் கேட்பார்கள் என்று வலியை விழுங்கியவர்களும் உண்டு. அவர்களிடம் தொலைபேசியில் ‘ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கின்றது?’ என்று கேட்கும் மனைவி மக்களுக்கு அல்லாஹ் அருள் புரிவானாக.

செலவுதான் தடை என்றால் அது நேர்மையான தடை, அதை மதிக்கின்றோம். வேர் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆகின்றது. ஆனால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இயங்குகின்றது. சென்னையில் 1953 முதல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் பார்க்கின்றார்கள். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழைக்கு அந்த நிதியிலிருந்தே கொடுக்கலாம். அவர் அதைக் கொண்டு பல்லைச் சீராக்கிக்கொள்வார். பைத்துல்மால் கணக்கில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தலைப்பு இருக்கின்றது. பல்லுக்கு விண்ணப்பித்தால் நிர்வாகிகள் சிரிக்கின்றார்கள். அந்தச் சிரிப்பையே நாம் எதிர்க்கின்றோம்.

மூன்றாம் அலை வரக்கூடும் என்று 2021 இல் மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கதவுகள் திறந்திருக்கும்போதே, சொத்தைப் பல்லையும் ஆடும் பல்லையும் ஒவ்வொரு வீடும் கணக்கெடுத்துக் காட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் முதலில் செல்ல வேண்டும். மீண்டும் கதவடைத்தாலும் சில நிலைகளில் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது: கன்னத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம் பரவுதல், வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ முடியாமை, மூச்சுத் திணறல், நிற்காத இரத்தக் கசிவு, விழுந்து அடிபட்டுத் தாடையோ பல்லோ உடைதல். இவற்றுக்குப் பல் மருத்துவமனை மூடியிருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்லுங்கள். 108 ஐ அழையுங்கள். சிறுவர் விழுந்து நிலைப்பல் முழுதாகக் கழன்று வந்துவிட்டால், வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சென்றால் மீண்டும் பொருந்த வாய்ப்பு அதிகம். கொரோனாவில் இருந்து மீண்டவருக்கு மேல்தாடைப் பல் ஆடினாலோ, அண்ணம் கருத்தாலோ, அன்றைய தினமே காட்ட வேண்டும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. ஊரில் அவசரத்துக்குப் பார்க்க இசையும் பல் மருத்துவர் யார், பெண் மருத்துவர் யார், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று விசாரித்து, அவர்கள் ஒப்புதலோடு அந்த எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பெண்கள் பகுதியிலும் ஒன்று ஒட்டுங்கள். ஜனாஸா வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த ஆம்புலன்ஸ், கன்னம் வீங்கிய ஒருவருக்காகவும் நள்ளிரவில் புறப்படலாம் என்று ஓட்டுநரிடம் சொல்லி வையுங்கள்.  குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு அனுப்பும்போது, அந்த வீட்டு முதியவரால் அதை மெல்ல முடிகின்றதா என்றும் ஒரு வார்த்தை கேட்டு வாருங்கள்.